கிரியாட்டினின் 0.9: லூபஸ் உள்ள ஒரு பெண்ணும் அவருடைய ரத்த ரிப்போர்ட்டுகளும்

உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய் லூபஸ். அது உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்திருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையை வைத்து எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? அதைப் பேசுவதற்காக எழுதியது இந்த நிகழ்வு ஆய்வு. இது தனியொருவரின் கேஸ் ஷீட் அல்ல. இந்த நோயில் வழக்கமாகப் பார்க்கிற விவரங்களைச் சேர்த்துக் கற்பித்தலுக்காக அமைத்த ஒரு நோயாளி. எண்கள் எல்லாம் அன்றாடம் ரிப்போர்ட்டில் வரக்கூடிய எண்கள்தான்.

நோயாளி

வயது 24. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனை வேலை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூட்டுவலி, வெயில் பட்டால் கன்னத்தில் தடிப்பு, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு என்று வந்தார். ஏஎன்ஏ (சொந்தச் செல்களின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பான்) பாசிட்டிவ், லூபஸ் என்று உறுதியானது. அன்றிலிருந்து லூபஸுக்கான அடிப்படை மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தினம் 200 மில்லிகிராம் எடுத்து வருகிறார். எடை 46 கிலோ.

இந்த முறை வந்தது சோர்வுக்காக. கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, “நின்னுக்கிட்டே இருக்கிற வேலை டாக்டர், சாயங்காலம் எல்லாருக்கும் வீங்கும்” என்று ஒதுக்கிவிட்டார். அதுவும் நியாயம்தான், நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வீங்கத்தான் செய்யும். ஆனால் நின்றதால் வருகிற வீக்கம் முகத்துக்கு ஏறாது. காலையில் எழும்போது முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அம்மாதான் பதில் சொன்னார்: “கண்ணு ரெண்டும் உப்பிக்கிட்டு இருக்கும் டாக்டர். நல்லாத் தூங்குறா போலன்னு நெனச்சோம்.” சிறுநீர் நுரைத்துப் போகிறதா? “ஆமா, தண்ணி ஊத்தினாலும் நுரை நிக்குது.”

ரத்த அழுத்தம் 138/90. இரண்டு காலிலும் அழுத்தினால் குழி விழுந்தது.

ரிப்போர்ட்

ஹீமோகுளோபின் 9.4, வெள்ளணுக்கள் 3,600, பிளேட்லெட் 1.4 லட்சம். அழற்சியைக் காட்டும் இரண்டு எண்களில் ஈஎஸ்ஆர் 78, சிஆர்பி 4. இந்த ஜோடியை லூபஸில் அடிக்கடி பார்ப்போம். ஈஎஸ்ஆர் எகிறும், சிஆர்பி அப்படியே இருக்கும். சிஆர்பியும் சேர்ந்து ஏறினால் முதலில் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ரத்தத்தில் உள்ள புரதமான அல்புமின் 2.7. யூரியா 34. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 0.9.

வழக்கமான அளவைத் தாண்டிய எண்களை லேப்காரர்கள் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள். அவருடைய ரிப்போர்ட்டில் பாதிப் பக்கம் தடித்துத்தான் இருந்தது. கிரியாட்டினின் மட்டும் மெல்லிய எழுத்தில், ‘0.5 முதல் 1.1’ என்ற வரம்புக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வீட்டில் எல்லோரும் முதலில் பார்த்ததும் அதைத்தான். “கிட்னி நல்லா இருக்கு, உப்பு ஏறலை” என்று அப்பா தைரியமாக இருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். அன்று கிரியாட்டினின் 0.6. இப்போது புழக்கத்தில் உள்ள 2021 ஆம் ஆண்டுச் சூத்திரத்தில், அன்றைய 22 வயதுக்கு 0.6 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 130க்குப் பக்கத்தில் வரும். இன்றைய 0.9 என்றால் 91. கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போயிருக்கிறது, கிரியாட்டினின் வரியில் ஒரு எழுத்துகூடத் தடிக்கவில்லை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 46 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் உருவாவதே குறைவு. ஆகவே இவருக்கு 1.1 என்பது நல்ல எண்ணே அல்ல. போதாததற்கு, ரத்தத்தில் அல்புமின் குறைந்தவர்களுக்குச் சிறுநீரகக் குழாய்கள் கிரியாட்டினினைக் கூடுதலாக வெளியே தள்ளும். அதனால் ரத்தத்தில் தெரியும் எண் உண்மை நிலையைவிட அழகாகத் தெரியும்.

சிறுநீரகத் திறனைக் காட்டும் இன்னொரு ரத்தக் குறியீடான சிஸ்டாட்டின் சி பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தசையைச் சார்ந்ததல்ல என்பது அதன் நல்ல குணம். ஆனால் ஸ்டீராய்டு எடுக்கும்போது சிறுநீரகம் மாறாமலே அது ஏறும், உடலில் அழற்சி இருந்தாலும் ஏறும். லூபஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே இருக்கும்.

சி3, சி4, ஆன்டி டிஎஸ்டிஎன்ஏ

எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த ரத்தப் புரதங்களில் சி3 48. சி4 5. வழக்கமான அளவு சி3க்கு 90 முதல் 180, சி4க்கு 10 முதல் 40. டிஎன்ஏவைத் தாக்கும் எதிர்ப்பானான ஆன்டி டிஎஸ்டிஎன்ஏ எலைசா முறையில் 410, அந்த லேபின் மேல்வரம்பு 30. கிரித்திடியா என்ற நுண்ணுயிரை வைத்துச் செய்யும் இன்னொரு சோதனையிலும் பாசிட்டிவ். கிரித்திடியா சோதனையில் பிடிபடுவது குறைவு, ஆனால் பாசிட்டிவ் வந்தால் லூபஸ்தான் என்று நம்பலாம். எலைசா நேர்மாறு. நிறையப் பேரைப் பிடிக்கும், சில சமயம் தேவையில்லாதவர்களையும் சேர்த்து.

டிஎன்ஏ எதிர்ப்பான் 1957 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன், 1948 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கண்ட எல்ஈ செல் (லூபஸ்காரர்களிடம் தெரியும் ஒரு வகை வெள்ளணு) தான் நோயைக் கண்டறியக் கையிலிருந்த முக்கியமான சோதனை. 1960களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஹென்றி குங்கலும் அவருடன் இருந்தவர்களும் இறந்துபோன நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்தே அந்த எதிர்ப்பானைப் பிரித்து எடுத்தார்கள். ரத்தத்தில் மிதப்பது உண்மையிலேயே சிறுநீரகத்தில் போய் உட்காருகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. உட்கார்ந்த இடத்தில் அது காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசையைத் தட்டி எழுப்பும். முதலில் சி1க்யூ, அப்புறம் சி4, சி2, கடைசியில் சி3. செலவாகச் செலவாக ரத்தத்தில் அளவு இறங்கும்.

சி3, சி4 இரண்டும் சேர்ந்து இறங்கியிருப்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு. தொண்டைப் புண்ணுக்கோ தோல் சிரங்குக்கோ பின்னால் வரும் நெஃப்ரைட்டிஸில் (சிறுநீரக அழற்சி) சி3 மட்டும் இறங்கும், சி4 பெரும்பாலும் தப்பித்துவிடும். ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கு வரும் கிரையோகுளோபுலின் நோயில் சி4தான் அதிகம் அடிவாங்கும். இவருக்கு ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் நெகட்டிவ். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கும் முன் எப்படியும் பார்க்க வேண்டியவைதான்.

இங்கே ஒரு சங்கதி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிறுநீரில் எதுவும் இல்லாத நாட்களிலும், இவருடைய சி4 வெறும் 8தான். சி3 அப்போது 112. சி4க்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. எத்தனை பிரதி என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைந்த பிரதிகளோடு பிறந்தவர்களுக்கு நோய் அமைதியாக இருந்தாலும் சி4 தாழ்ந்தே இருக்கும், லூபஸ் வரும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடுதல். மரபணுச் சோதனை செய்து பார்க்கவில்லை, ஆனால் இவர் அந்த ரகமாக இருக்கலாம். அப்படியானால் சி4 8 என்று பார்த்துப் பதறுவதில் பயனில்லை. கவனிக்க வேண்டியது சி3. அது 112 இலிருந்து 48க்கு விழுந்ததுதான் செய்தி. பழைய ரிப்போர்ட் கையில் இல்லையென்றால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. நோய் அமைதியாக இருக்கிற நாளில் எடுக்கும் ரத்தத்தைப் பலர் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதைவிட உபயோகமான ரிப்போர்ட் வேறு கிடையாது.

ஒரு டப்பா சிறுநீர்

ரத்தத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு வந்த சிறுநீர் ரிப்போர்ட்: புரதம் 3+, சிவப்பணுக்கள் 20-25. புரதம்-கிரியாட்டினின் விகிதம் 2.8. சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய சிறுநீரின் வண்டலை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்கள் உருக்குலைந்திருந்தன. சில இடங்களில் குழாய் வடிவில் ஒட்டிக்கொண்டு, ஆர்பிசி காஸ்ட்டாகக் கிடந்தன. அவை சிறுநீர்ப்பையிலோ கல்லிலோ இருந்து வர முடியாது. சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

விகிதம் 0.5ஐத் தாண்டினால் பயாப்ஸியைப் பற்றி, அதாவது ஊசியால் சிறுநீரகச் சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதைப் பற்றி, யோசிக்க வேண்டும் என்பதுதான் இன்று உலகம் முழுக்க உள்ள வழிகாட்டல்களின் நிலை. இவருக்கு அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்.

“ரத்தத்துலயே தெரிஞ்சுடுச்சே, அப்புறம் எதுக்கு ஊசி?”

அம்மா கேட்ட கேள்வி இது. அதற்குப் பின்னால் கேட்காத கேள்வி ஒன்றும் இருந்தது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்னியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது?

முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம். சி3 விழுந்தது, டிஎஸ்டிஎன்ஏ ஏறியது, சிறுநீரில் புரதமும் ரத்தமும் போகிறது. மூன்றையும் சேர்த்தால் லூபஸ் நெஃப்ரைட்டிஸ் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். எந்த வகை என்று சொல்ல முடியாது. பயாப்ஸியை வைத்து ஆறு வகையாகப் பிரிக்கிறோம். இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் கடுமையான மருந்து வேண்டாம். மூன்றும் நான்கும் உடனே அடக்க வேண்டியவை. ஐந்தில் வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் கொட்டும், ஆனால் சி3, சி4 பல சமயம் சரியாகவே இருக்கும், டிஎஸ்டிஎன்ஏகூட நெகட்டிவாக வரலாம். ரத்தத்தை மட்டும் நம்பினால் ஐந்தாம் வகைக்காரரைக் கோட்டைவிடுவோம். மூன்றும் ஐந்தும் சேர்ந்து இருப்பதும் உண்டு, அதை எந்த ரத்தச் சோதனையும் பிரித்துக் காட்டாது.

வகையைவிட முக்கியமானது இன்னொன்று: எவ்வளவு அழற்சி, எவ்வளவு தழும்பு. அழற்சியை மருந்தால் அடக்கலாம். தழும்புக்கு மருந்து இல்லை. தழும்பால் கசியும் புரதத்தைப் பார்த்து ஸ்டீராய்டை ஏற்றிக்கொண்டே போனால் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சம். கிரியாட்டினின் இரண்டுக்குமே ஒரே மாதிரி ஏறும்.

ரத்தத்தை உறையவைக்கக்கூடிய ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பான்களும் ரத்தம் உறையும் நேரமும் பார்த்தோம். அதில் கோளாறு இருந்தால் சிறுநீரகத்தின் சின்ன ரத்தக்குழாய்களில் அடைப்பும் சேர்ந்திருக்கலாம். அப்போது வைத்தியமே வேறு. இவருக்கு எல்லாம் சரி.

கேட்காத கேள்விக்கு, கர்ப்பப்பையையும் சூலகத்தையும் இந்த ஊசி தொடாது என்று படம் போட்டுக் காட்டினோம். ஒரு இரவு மருத்துவமனையில் படுக்க வேண்டும், அடுத்த நாள் வீடு. அம்மா முழுதாகச் சமாதானமானார் என்று சொல்ல மாட்டேன். பெண் கையெழுத்துப் போட்டார்.

பயாப்ஸியில் 18 குளோமருலஸ்கள், அதாவது சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள், கிடைத்தன. பெரும்பாலானவற்றுக்குள் செல்கள் நெருக்கியடித்து ரத்தம் ஓட இடமில்லாமல் செய்திருந்தன. மூன்றில் கிரசென்ட், அதாவது வடிகட்டியை ஒரு பக்கத்திலிருந்து பிறை வடிவில் நசுக்கும் செல் கூட்டம். படிந்திருப்பவற்றை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோ ஃப்ளோரசென்ஸில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்பான்களும் சி3, சி1க்யூவும் ஆக ஐந்தும் ஒளிர்ந்தன. நோயியல் மருத்துவர்கள் இதை ‘ஃபுல் ஹவுஸ்’ என்பார்கள். நான்காம் வகை. அழற்சிக் குறியீடு 24க்கு 11, தழும்புக் குறியீடு 12க்கு 2. கிரியாட்டினின் 0.9 உள்ள சிறுநீரகம் இது.

வைத்தியமும் தொடர் கண்காணிப்பும்

ஸ்டீராய்டான மெத்தில்பிரெட்னிசலோன் 500 மில்லிகிராம் மூன்று நாள் ஊசியாக, பிறகு பிரெட்னிசலோன் மாத்திரை, படிப்படியாகக் குறைத்து. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மைக்கோபினோலேட் மாத்திரை தினம் 2 கிராம். ரத்த அழுத்தத்துக்கும் புரதக் கசிவுக்கும் எனலாப்ரில். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடர்ந்தது. குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு ஊசி, அதாவது 500 மில்லிகிராம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆறு தடவை, இன்னொரு நல்ல வழி. சண்டிகரில் 100 இந்திய நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2016 இல் வெளியான ஆய்வில் பலன் ஒத்திருந்தது. மாத்திரையை ஒழுங்காக விழுங்குவாரா என்ற சந்தேகம் இருந்தால் நான் ஊசியைத்தான் தேர்ந்தெடுப்பேன். இவர் ஒழுங்காகச் சாப்பிடுவேன் என்றார். சூலகத்துக்கும் மைக்கோபினோலேட்டால் கெடுதல் இல்லை, ஆனால் அதைச் சாப்பிடும்போது கருத்தரிக்கவே கூடாது. இதைத் திருமணமாகாத பெண்ணிடம் அம்மா முன்னால் சொல்லச் சங்கடப்பட்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. விடக் கூடாது.

மூன்றாம் மாதம் சிறுநீரின் புரத விகிதம் 1.2, சி3 82. ஆறாம் மாதம் 0.6. ஒரு வருடத்தில் 0.3, சி3 104, கிரியாட்டினின் 0.7, டிஎஸ்டிஎன்ஏ 70. சி4 மட்டும் 8, எதிர்பார்த்தபடியே. மூன்று மாதத்தில் புரதம் கால் பங்காவது குறைய வேண்டும், ஆறில் பாதி, பன்னிரண்டில் 0.5-0.7க்குக் கீழே. இந்தப் படிக்கட்டில் சரியாக இறங்குபவர்களின் சிறுநீரகம்தான் பல ஆண்டு தாங்குகிறது. நீண்டகால நிலையைக் கணிப்பதில் எந்த ரத்தக் குறியீட்டையும்விட இந்தப் புரத விகிதம்தான் இன்றுவரை முன்னால் நிற்கிறது. ரத்தப் பரிசோதனையைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

16 ஆம் மாதம் டிஎஸ்டிஎன்ஏ 240 என்று வந்தது. பதறுவதற்கு முன் ரிப்போர்ட்டின் தலைப்பைப் பார்த்தோம். வேறு லேப். அங்கே முறையும் வேறு, மேல்வரம்பும் வேறு. ஒரு லேபின் 240ஐ இன்னொரு லேபின் 70க்குப் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை. பழைய லேபிலேயே திரும்ப எடுத்தால் 190. அப்படியானால் உண்மையாகவே ஏறியிருக்கிறது. சி3 98, சிறுநீர் சுத்தம், உடம்பிலும் எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்த இடத்தில் மருத்துவர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. நெதர்லாந்தில் 1995 இல் வெளியான ஒரு சோதனையில், எதிர்ப்பான் ஏறியவுடனே ஸ்டீராய்டை உயர்த்தியவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் எதிர்ப்பான் ஏறியும் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து ஸ்டீராய்டு விழுங்க வேண்டிவரும். எண்ணுக்கு வைத்தியம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மருந்தை மாற்றவில்லை, பார்க்கும் இடைவெளியை மட்டும் குறைத்தோம். மாதம் ஒருமுறை சிறுநீர், சி3.

19 ஆம் மாதம் சி3 71, விகிதம் 1.1, சிறுநீரில் மறுபடி சிவப்பணுக்கள். கிரியாட்டினின் வழக்கம்போல அமைதியாக 0.7. மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னோம். மைக்கோபினோலேட் அட்டைகள் காலியாக இருந்தன. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அட்டையில் ஒரு ஓரத்தில் நான்கு குழிகள் மட்டும் திறந்திருந்தன. உறவினர் ஒருவர் “அது கண்ணைக் கெடுக்கிற மாத்திரை” என்று சொல்லியிருக்கிறார். கெடுக்கலாம், உண்மைதான். ஆனால் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் எடுப்பவர்களுக்கு முதல் பத்து ஆண்டில் அந்த ஆபத்து 2 சதவீதத்துக்கும் கீழே. இவர் எடுப்பது கிலோவுக்கு 4.3. ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொண்டால் போதும். இந்த மருந்தின் அளவை ரத்தத்திலேயே பார்க்கும் சோதனை இருக்கிறது. யார் சாப்பிடுகிறார், யார் சாப்பிடவில்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அட்டை கிடைக்கும்.

மாத்திரை மறுபடி தொடங்கியது. 1.5 கிராமுக்குக் குறைத்திருந்த மைக்கோபினோலேட்டைப் பழையபடி 2 கிராமாக்கினோம். ஸ்டீராய்டைக் கொஞ்ச நாளுக்கு ஏற்றினோம். 2020 இல் சிறுநீரக லூபஸுக்குப் பலன் நிரூபிக்கப்பட்ட பெலிமுமாப் என்ற மருந்தைப் பற்றியும் பேசினோம். விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. ஆறு மாதத்தில் விகிதம் 0.3, சி3 101. இரண்டாவது பயாப்ஸி செய்யவில்லை. செய்திருக்கலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு. ரத்தமும் சிறுநீரும் அமைதியான பிறகும் சிறுநீரகத்துக்குள் அழற்சி கனன்றுகொண்டிருப்பதை மறு பயாப்ஸிகள் காட்டியிருக்கின்றன. மருந்தை நிறுத்தும் கட்டம் வந்தால் நானும் அவர்கள் பக்கம்தான்.

புதிய குறியீடுகள்

ஆன்டி சி1க்யூ எதிர்ப்பான் இவற்றில் எனக்குப் பிடித்தது. தீவிரமான மூன்றாம், நான்காம் வகைகளோடு அதற்கு நெருக்கம் அதிகம். அது நெகட்டிவ் என்றால் அப்படிப்பட்ட தீவிர நெஃப்ரைட்டிஸ் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. சிவப்பணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் சி4டி (சி4 உடைந்த துண்டு), இன்டர்ஃபெரான் மரபணுக்களின் செயல்பாடு, பிஏஎஃப்எஃப் என்ற புரதத்தின் அளவு எல்லாம் ஆய்வுகளில் வருகின்றன. எம்சிபி-1, என்ஜிஏஎல், சிடி163 போன்ற புரதங்களுக்கு ரத்தத்தைவிடச் சிறுநீரில் பார்ப்பதே பொருத்தம், அவை அங்கிருந்துதானே வருகின்றன. எந்தப் புதிய சோதனை வந்தாலும் நான் கேட்பது இரண்டுதான். புரதம் கசியத் தொடங்கும் முன்னே சொல்லுமா? சொன்னால் நான் கொடுக்கும் மருந்து மாறுமா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லும் ரத்தச் சோதனை இன்னும் கவுண்டருக்கு வரவில்லை.

இப்போது

வயது 27. திருமணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் நோயைச் சொல்லித்தான் செய்தார்கள். குழந்தை வேண்டும் என்று வந்திருக்கிறார். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும், அது ஆகிவிட்டது. மைக்கோபினோலேட்டை நிறுத்தி, கர்ப்பத்தில் எடுக்கக்கூடிய அசதயோபிரினுக்கு மாற்றுகிறோம். அதற்கு முன் அந்த மருந்தை உடல் கையாள்வதோடு தொடர்புள்ள என்யுடிடி15 மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறோம். இந்தியர்களிடம் டிபிஎம்டி என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்தைவிட இந்த மாற்றம்தான் அதிகம், இருப்பவர்களுக்கு அசதயோபிரின் வெள்ளணுக்களைச் சட்டென்று இறக்கிவிடும். குழந்தையின் இதயத்தைப் பாதிக்கக்கூடிய ஆன்டி ரோ, ஆன்டி லா எதிர்ப்பான்களைப் பார்த்தாயிற்று, இரண்டும் நெகட்டிவ். அதனால் குழந்தையின் இதயத்துடிப்பைப் பற்றிய கவலை குறைவு. எனலாப்ரிலும் நிற்க வேண்டும்.

கர்ப்பத்தில் எண்களின் அர்த்தம் மறுபடி மாறும். காம்ப்ளிமென்ட் அளவு இயல்பாகவே 10 முதல் 50 சதவீதம் வரை ஏறும். ஆகவே ஏழாம் மாதத்தில் இவருக்கு சி3 95 என்று வந்தால், ரிப்போர்ட்டில் மெல்லிய எழுத்தில் இருந்தாலும், அது இறக்கம்தான். கிரியாட்டினின் 0.5க்குப் போக வேண்டும். 0.8 என்றால் கேள்வி கேட்க வேண்டும். இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தமும் புரதமும் சேர்ந்து ஏறினால் அது லூபஸா, கர்ப்பகால ரத்த அழுத்த நோயா என்று பிரிக்க நஞ்சுக்கொடியிலிருந்து வரும் எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் என்ற இரண்டு புரதங்களின் விகிதம் உதவும். முன்னதற்கு ஸ்டீராய்டு, பின்னதற்குப் பிரசவம். அந்தச் சோதனை கிடைக்கும் ஊர்கள் குறைவு என்பதால், எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை இப்போதே முடிவு செய்யச் சொல்லியிருக்கிறோம்.